புது லாப்டாப்: டிவிடி டிரைவ் உள்ளயே இருக்கணுமா? வைஃபை கார்டு எதப் பாத்து வாங்குறது?

நெல்லை_ஜூனியர் | செவ்வாய், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலில ப்ராக்டிஸ் பண்றேன், ஜூனியர்தான், மூணு வருசம் ஆகுது. இவ்ளோ நாளும் அக்கா காலேஜ்ல வச்சிருந்த பழைய லாப்டாப்ப வச்சே ஓட்டிட்டேன், போன மாசம் ஹிஞ்ச் உடைஞ்சு மூடி ஒரு பக்கமா தொங்குது, இனி அதுல காச போட்டு பிரயோஜனம் இல்ல. பட்ஜெட் 55 ஆயிரம், இழுத்துப் பிடிச்சா 60.

என் பிரச்சனை டிவிடி டிரைவ்தான். கிரிமினல் சைடுல சார்ஜ் ஷீட் காப்பி வாங்கும்போது சிசிடிவி புட்டேஜ், போன் ஆடியோ எல்லாம் இன்னும் சிடியாவோ டிவிடியாவோதான் எங்க கைக்கு வருது, நாங்க திருப்பி தாக்கல் பண்றதும் அப்படித்தான். சீனியர் ஆபீஸ்ல ஒரே ஒரு டெஸ்க்டாப்ல டிரைவ் இருக்கு, அதுவும் முன்னாடி இருக்குற அந்த சின்ன ஓட்டைல குண்டூசிய விட்டு குத்தினாத்தான் தட்டு வெளிய வரும். ஆபீஸ் மேசைல எப்பவும் ஒரு குண்டூசி அதுக்குன்னே கிடக்கும், எவனாவது எடுத்து பேப்பர்ல குத்திட்டா அன்னைக்கு சண்டைதான்.

கடைல ரெண்டு காட்டுனாங்க.

முதல் பீஸ்: பழைய ஸ்டாக், 15.6 இன்ச், தடியா இருக்கு, உள்ளயே டிவிடி ரைட்டர், பத்தாவது ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ரேம், வைஃபை 802.11ஏசி 1x1னு போட்டிருக்கு. 41 ஆயிரம்.

ரெண்டாவது: புதுசு, ரைசன் 5, 16 ஜிபி, டிவிடி கிடையாது, வைஃபை 6 2x2. 56 ஆயிரம்.

கடைக்காரர் "வக்கீலுக்கு டிவிடி இல்லாம எப்படி சார்"னு முதல் பீஸையே கைல திணிக்கிறாரு. எனக்கும் பாதி மனசு அதுலதான் இருக்கு. அப்புறம் இந்த 1x1, 2x2 எல்லாம் என்ன, வாய்ப்பாடா? யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ரிச்சிதெரு | செவ்வாய், இரவு 10:15

முதல் பீஸ தொடாதீங்க சார். அது கடைல தங்கிப்போன சரக்கு, அத தள்ளிவிடத்தான் அவரு டிவிடி கதைய சொல்றாரு. பதினாலு வருசமா சர்வீஸ் பண்றேன், சொல்றத கேளுங்க. லாப்டாப்புக்குள்ள முதல்ல சாகுற ஐட்டத்துல டிவிடி டிரைவ் ஒண்ணு. லென்ஸ்ல தூசி ஏறும், தட்டு வழுக்கிட்டு தானா திறந்துக்கும், பேக்ல போட்டு பைக்ல போனா ஆட்டத்துல ஸ்பிண்டில் லூஸாகும். வெளிய மாட்டுற யூஎஸ்பி டிரைவ் போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடலாம், நான் கடைசியா ஒரு கஸ்டமருக்கு வாங்கிக் குடுத்தது ரெண்டாயிரத்து சொச்சம். அதுக்காக 4 ஜிபி ரேம் ஐ3ய நாலு வருசம் கட்டிக்கிட்டு அழணுமா?

அதவிட சீப்பா ஒரு வழி இருக்கு. உங்க அக்காவோட பழைய லாப்டாப்ல டிவிடி டிரைவ் இருந்துச்சா? இருந்தா அத கழட்டி ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டுக்கலாம், அந்த கேஸ் ஐநூறு அறுநூறு ரூபாய்க்கு கிடைக்கும். லாப்டாப்ப கவுத்துப் போட்டா நடுவுல ஒரே ஒரு ஸ்க்ரூதான் அத பிடிச்சிட்டு இருக்கும், அத எடுத்துட்டு பக்கவாட்டுல இழுத்தா டிராயர் மாதிரி வந்துடும். ஒண்ணு மட்டும் கவனம், டிரைவ் தடிமன் ரெண்டு சைஸ்ல வரும், பழசுல 12.7 மில்லிமீட்டர், கொஞ்சம் ஒல்லி மாடல்ல 9.5. ஸ்கேல் வச்சு அளந்துட்டு கேஸ் ஆர்டர் பண்ணுங்க.


கறுப்புகோட்டு | புதன், காலை 7:05

தம்பி, நானும் வக்கீல்தான், மதுரை. எனக்கு முன்னாடி சொன்னவர் டெக்னிக்கலா சொல்றது சரியா இருக்கலாம், ஆனா கோர்ட் பழக்கம் அவருக்கு தெரியாது. தனியா ஒரு பெட்டி, தனியா ஒரு ஒயரு, இதுல ஏதாவது ஒண்ணு வீட்ல இருக்கும், மிச்சம் கோர்ட்ல இருக்கும். ஆர்க்யூமெண்ட் அன்னைக்கு ஒயர் இல்லாம நின்ன அனுபவம் எனக்கு இருக்கு. உள்ளயே இருந்தா மறக்க முடியாதுல்ல.

அப்புறம் சிடி எல்லாம் செத்துப் போச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒரு விசயம். நம்ம தொழில்ல சிடிய பத்தின பெரிய தீர்ப்பே 2014ல வந்ததுதான், அன்வர் எதிர் பஷீர், கேரளா எலக்சன் கேஸ். பேச்சு, பாட்டு எல்லாம் சிடில போட்டு தாக்கல் பண்ணாங்க, எலக்ட்ரானிக் சாட்சியத்துக்கு பழைய சாட்சியச் சட்டம் கேக்குற 65பி சர்டிபிகேட் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. 2020ல அர்ஜுன் பண்டித்ராவ் கேஸ்ல அத மறுபடி உறுதி பண்ணாங்க. இப்ப 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய சாக்ஷிய அதினியம்கிற புது சாட்சியச் சட்டம் வந்துட்டதால அதே சமாச்சாரம் 63(4)க்கு போயிடுச்சு, சர்டிபிகேட்ல பார்ட் ஏ, பார்ட் பின்னு ரெண்டு பகுதி, ஹேஷ் வேல்யூவும் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) போடணும். சட்டம் மாறிருச்சு, சிடி மாறல.

பென் டிரைவ்ல ஏன் குடுக்க மாட்டேங்குறாங்கன்னு சின்னப் பசங்க கேப்பாங்க. பென் டிரைவ சொருகுன உடனே விண்டோஸ் அதுல ஒரு ஃபோல்டர தானா எழுதி வச்சிடும், நீ ஒண்ணும் தொட வேண்டாம். மூடி முடிச்ச சிடி ஆர்ல (ஒரு தடவ எழுதினா அழிக்க முடியாத சிடி) யாரும் ஒரு எழுத்து கூட்ட முடியாது. அவ்ளோதான் ரகசியம்.


ஸ்டூடியோகாரர் | புதன், காலை 10:31

வக்கீல் சார் சொன்ன "மூடி முடிச்ச" அந்த வார்த்தைலதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. கும்பகோணத்துல இருபது வருசமா கல்யாண வீடியோ, இப்ப எல்லாரும் பென் டிரைவ் கேக்குறாங்க, பெரியவங்க இருக்குற வீட்ல மட்டும் இன்னும் டிவிடி.

வெறும் டிஸ்க்க போட்டு ஃபைல இழுத்து விட்டா விண்டோஸ் ஒரு கேள்வி கேக்கும். "யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் மாதிரி"ன்னு ஒண்ணு, "சிடி டிவிடி பிளேயரோட"ன்னு ஒண்ணு. முதல் ஆப்சன்தான் ஏற்கனவே டிக் ஆகி இருக்கும், அவசரத்துல நெக்ஸ்ட் அடிச்சுடுவீங்க. அது திறந்தே கிடக்குற டிஸ்க், அப்புறம் கூட ஃபைல் சேக்கலாம், வேற மிஷின்ல போட்டா சிலசமயம் காலின்னு காட்டும். கோர்ட்டுக்கு குடுக்குறதுன்னா ரெண்டாவத எடுங்க, எல்லா ஃபைலையும் சேத்து ஒரே மூச்சுல எழுதி மூடிடும். எழுதி முடிச்சதும் வெளிய எடுத்து இன்னொரு மிஷின்ல போட்டு கடைசி ஃபைல திறந்து பாருங்க. முதல் ஃபைல இல்ல, கடைசி ஃபைல. எழுதுறதுல கோளாறு வந்தா ஓரத்துலதான் வரும், டிஸ்க் உள்ளருந்து வெளிய எழுதிட்டு வரும்.

சைஸ் கணக்கு: சிடி 700 எம்பி. டிவிடி 4.7 ஜிபின்னு அட்டைல இருக்கும், கம்ப்யூட்டர்ல 4.37னுதான் காட்டும், பயப்படாதீங்க ரெண்டும் ஒண்ணுதான், எண்ணுற முறை வேற. டபுள் லேயர் 8.5. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ல பதிஞ்சா மணிக்கு சுமாரா 900 எம்பி, அப்ப ஒரு டிவிடில அஞ்சு மணி நேரம் அடங்கும், சிடில முக்கா மணிதான். புளூரே வேணுமான்னு யாரும் கேக்காதீங்க, வக்கீல் வேலைக்கு வேணாம்.

வெளி டிரைவ் வாங்குனா ஒரு எச்சரிக்கை. பழைய யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்ப்தான் குடுக்கும், டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போதும் எழுதும்போதும் டிரைவ் அதுக்கு மேல இழுக்கும். நாலு போர்ட் ஹப்புல மாட்டுனீங்கன்னா டிக் டிக்னு சத்தம் போட்டுட்டு நின்னுடும், டிரைவ் போச்சுன்னு நெனச்சுடுவீங்க. நேரா லாப்டாப்ல மாட்டுங்க.


ஸ்கேன்ரூம் | புதன், மதியம் 1:20

சிடி வக்கீலுக்கு மட்டும் இல்லீங்க, எங்களுக்கும்தான். எம்ஆர்ஐ எடுத்தா ஃபிலிமோட ஒரு சிடியும் குடுத்துடுவோம், அதுலயே படத்த பாக்குற சாஃப்ட்வேரும் இருக்கும். பேசண்ட் அத எடுத்துட்டு பெரிய டாக்டர்கிட்ட போனா, அவரு லாப்டாப்ல டிரைவே இருக்காது, ஃபிலிம தூக்கி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு பாப்பாரு. நானே வீட்டுக்கு ஒரு வெளி டிரைவ் வச்சிருக்கேன், மூணு வருசம் ஆச்சு, ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா வந்த சிடிய அன்னைக்கே ஹார்ட் டிஸ்க்ல காப்பி போட்டு வச்சுக்கோங்க. கார் டேஷ்போர்டுல வெயில்ல கிடந்த சிடி எத்தனையோ எங்ககிட்ட திரும்பி வந்திருக்கு, படிக்காது.


பெங்குவின்பாண்டி | புதன், இரவு 8:50

எல்லாரும் டிவிடிலயே நிக்கிறீங்க. டிவிடி எப்ப வேணா வெளிய மாட்டிக்கலாம், வைஃபை கார்டு அப்படி இல்ல ப்ரோ, அதத்தான் மொதல்ல பாக்கணும்.

1x1னா ஒரு ஆன்டெனால அனுப்பி ஒரு ஆன்டெனால வாங்கும். 2x2னா ரெண்டு ரெண்டு. அவ்ளோதான் வாய்ப்பாடு. வைஃபை 5ல (உங்க முதல் பீஸ்ல இருக்குற 802.11ஏசிதான் அது) 1x1க்கு உச்சம் 433 எம்பிபிஎஸ், 2x2க்கு 867. வைஃபை 6 2x2ல 80 மெகாஹெர்ட்ஸ் சேனல்னா 1201, 160னா 2402. இதெல்லாம் லிங்க் ஸ்பீடு, அதாவது ரவுட்டருக்கும் கார்டுக்கும் நடுவுல உள்ள கணக்கு, கைக்கு வர்றது பாதிக்கு கொஞ்சம் மேல.

நியாயமா பேசுனா உங்க வீட்ல 100 எம்பிபிஎஸ் பைபர்னா 1x1 கூட ஸ்பீடுக்கு பத்தும். பிரச்சனை ஸ்பீடு இல்ல. ரவுட்டர் ஹால்ல, நீங்க மாடி ரூம்ல, நடுவுல ரெண்டு சுவர், அங்கதான் ரெண்டாவது ஆன்டெனா சோறு போடும். இன்னொன்னு, 1x1 கார்டுல பெரும்பாலும் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே ஆன்டெனாவ மாத்தி மாத்தி பிடிச்சுக்கும். தூரத்துல 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எட்டாம வைஃபை 2.4ல விழுந்துடுச்சுன்னா ப்ளூடூத்தும் அதே 2.4தான். வீடியோ கான்பரன்ஸ்ல ஹியரிங், காதுல ப்ளூடூத் இயர்போன், ஜட்ஜ் பேசுறது விட்டு விட்டு கேக்குது, எப்படி இருக்கும்?

இப்ப முக்கியமான விசயம். சில லாப்டாப்ல கார்டு தனியா இருக்கும், 22க்கு 30 மில்லிமீட்டர், தபால் தலை சைஸ், ஒரு ஸ்க்ரூ, ரெண்டு ஒயர். பிடிக்கலன்னா மாத்திக்கலாம். சிலதுல போர்டோடவே சால்டர் பண்ணிருப்பாங்க, அது வாழ்க்கை முழுக்க அதேதான். ஒல்லி மாடல்ல இது நிறைய. வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடல பிரிச்சு காட்டுற வீடியோ தேடிப் பாருங்க, ரெண்டே நிமிசத்துல தெரிஞ்சிடும்.

மாத்தக்கூடியதா இருந்தாலும் எல்லாம் எல்லாத்துக்கும் சேராது. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ரெண்டும் ரைசன்லயும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ரெண்டும் ஓடாது, ஏன்னா அதுல பாதி மூளை இன்டெல் பிராசசர் பக்கம் இருக்கு, கார்டுல மீதி பாதிதான் இருக்கு. பேரு பாருங்க, கடைசில ஒண்ணுன்னு முடிஞ்சா இன்டெலுக்கு மட்டும். நம்பர் ஒண்ணு கூடன்னு 211 வாங்கி ரைசன்ல சொருகிட்டு கார்டு டெட்னு திட்டுன ஆளுங்க நிறைய, அதுல நானும் ஒருத்தன்.

வைஃபை 6இ, 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் பிடிக்கும்னு கடைல பெருமையா சொல்லுவான். இந்தியால 5925ல இருந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசன்ஸ் இல்லாம விடுறதுக்கான வரைவு விதியே 2025 மேலதான் வந்துச்சு. அதுக்கு ஏத்த ரவுட்டரும் வீட்ல இருக்கணும். இருந்தா நல்லது, அதுக்குன்னு காசு கூட குடுக்காதீங்க. 5 கிகா கண்டிப்பா இருக்கணும், 2.4 மட்டும் உள்ள கார்ட யாராவது இலவசமா குடுத்தாலும் வேணாம், அபார்ட்மென்ட்ல பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் அதுலதான் குடியிருக்கு.


வடமராட்சி | புதன், இரவு 11:33

நான் யாழ்ப்பாணத்தில இருந்து. பாண்டி சொன்னதில ஒண்டைச் சேர்க்கவேணும். ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு பழைய லாப்டொப்புக்கு வைஃபை காட் மாத்தினனான். நல்ல காட் எண்டு தேடி வாங்கிப் பூட்டிப்போட்டு பவரை அமத்தினா, கறுப்பு ஸ்கிரீன்ல அனுமதியில்லாத காட் பூட்டியிருக்கு, கழட்டு எண்டு வந்து நிண்டிட்டுது, அங்கால போகேல்ல. அந்தக் கொம்பனி பயோசுக்குள்ள (மெஷின் தொடங்கேக்க முதல்ல ஓடுற மென்பொருள்) ஒரு லிஸ்ட் வச்சிருக்கு, அதில இருக்கிற காட்டை மட்டும்தான் விடும். கடைசியில அந்தக் காட்டை தம்பியின்ர மெஷினுக்குக் குடுத்திட்டன். புது மெஷின்களில இந்தக் கரைச்சல் குறைவு, எண்டாலும் மாத்துற யோசனை இருந்தா அந்த மொடலில வேற ஆக்கள் மாத்தியிருக்கினமோ எண்டு முதல்ல விசாரியுங்கோ.

மற்றது, அந்த ஒயர் பூட்டுற தலைப்பு அரிசிமணியை விடச் சின்னன். நகத்தால அமத்தேக்க நேரா மேல வச்சு அமத்தவேணும், சரிஞ்சா நசிஞ்சு போம். முதல்ல பற்றரி ஒயரைக் கழட்டிப்போட்டு வேலை செய்யுங்கோ.


நெல்லை_ஜூனியர் | வியாழன், மாலை 6:10

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. ரெண்டாவது பீஸ்தான்னு மனசு வந்துடுச்சு. மதுரை சார், கோவிச்சுக்காதீங்க, ஒயர ரெண்டா வாங்கி ஒண்ண கவுன் பைலயே போட்டுக்கிறேன்.

ஒரு சந்தேகம், கடைலயே வைஃபை கார்டு என்னன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? அட்டைல வைஃபை 6னு மட்டும்தான் இருக்கு, கம்பெனி பேரே இல்ல.


பெங்குவின்பாண்டி | வியாழன், மாலை 7:02

ஈசி. டிஸ்பிளே பீஸ ஆன் பண்ணி உங்க போன் ஹாட்ஸ்பாட்ட 5 கிகாவுக்கு மாத்தி கனெக்ட் பண்ணுங்க. டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், வைஃபை. மேல வலது பக்கம் கார்டு பேரே வந்துடும், கீழ கனெக்சன் டைப் 802.11ஏஎக்ஸ்னு இருந்தா வைஃபை 6, ஏசின்னு இருந்தா 5. உங்க போன் பழசுன்னா போனே ஏசிலதான் குடுக்கும், அப்ப கார்ட குத்தம் சொல்லாதீங்க, பேர மட்டும் குறிச்சுக்கோங்க. செட்டிங்ஸ்ல வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் போனா லிங்க் ஸ்பீடும் தெரியும்.

ஆனா டிஸ்பிளே பீஸ்ல இருக்குற கார்டேதான் சீல் பெட்டிலயும் இருக்கும்னு நம்பாதீங்க. ஒரே மாடல் பேருல ரெண்டு மூணு கம்பெனி கார்டு வரும், கடைசில ஒட்டியிருக்குற எழுத்துதான் மாறும். பெட்டி ஸ்டிக்கர்ல முழு மாடல் நம்பர படிச்சு ரெண்டும் ஒண்ணான்னு பாருங்க.


ரிச்சிதெரு | வியாழன், இரவு 9:48

பில்லு போடுறதுக்கு முன்னாடி பெட்டிய கடைலயே பிரிக்க சொல்லுங்க. பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம்பாங்க, பரவால்ல, நாங்களும் திருப்பி குடுக்க மாட்டோம், கண்ணால பாத்துக்குறோம்னு சொல்லுங்க.


நெல்லை_ஜூனியர் | பத்து நாள் கழிச்சு, ஞாயிறு, காலை 11:15

அப்டேட். ரெண்டாவது பீஸ்தான் எடுத்தேன், பேரம் பேசி 54,500. டாஸ்க் மேனேஜர திறந்ததும் கடைக்காரர் முகத்த பாக்கணுமே, "சார் ஐடி கம்பெனியா?"ன்னு கேட்டாரு. கார்டு மீடியாடெக் எம்டி7921, என் போன் ஹாட்ஸ்பாட்ல 802.11ஏஎக்ஸ்னே காட்டுச்சு. பிரிக்கிற வீடியோ பாத்தேன், தனி கார்டுதான், சால்டர் இல்ல. இப்போதைக்கு மாத்துற ஐடியா இல்ல, மாடில உக்காந்து ரெண்டு ஹியரிங் பாத்தாச்சு, ஒரு தடவ கூட விட்டுப் போகல. லினக்ஸ் போட்டாலும் ஓடுமா பாண்டி ப்ரோ?

டிவிடி கதைலதான் காமெடி. அக்கா லாப்டாப்ல இருந்து டிரைவ கழட்டுனேன், சொன்ன மாதிரி ஒரே ஸ்க்ரூ, சொய்ங்னு வந்துடுச்சு. "அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க"ன்னு நீங்க படிச்சுப் படிச்சு சொன்னத படிச்சுட்டு, அளக்காம 9.5 கேஸ் ஆர்டர் போட்டேன். வந்தது. டிரைவ் 12.7. பாதி உள்ள, பாதி வெளிய, பர்ஃபி டப்பால செங்கல்ல திணிச்ச மாதிரி. ரிட்டர்ன் போட்டு மறுபடி வாங்குனேன். அடுத்து ஹப்புல மாட்டுனேன், ஸ்டூடியோ அண்ணன் சொன்ன அதே டிக் டிக். நேரா மாட்டுனதும் சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

அப்புறம் ஒரு அடிதடி கேஸ் சிடி போட்டேன், உள்ள டிஏவின்னு முடியுற ஃபைல், விண்டோஸ் திறக்கல, அதே சிடில ஒரு பிளேயரும் சேத்து வச்சிருந்தாங்க, அதுல ஓடுச்சு. முதல்ல மொத்தத்தையும் லாப்டாப்ல காப்பி போட்டுட்டேன், ஸ்கேன் அண்ணனுக்கு நன்றி.

இப்ப ஒரே வருத்தம், சீனியர் டிரைவ பாத்துட்டு "ஒரு நாள் வச்சிருக்கேன்பா"ன்னு வாங்கிட்டுப் போனாரு. நாலு நாளாச்சு.


பெங்குவின்பாண்டி | ஞாயிறு, மதியம் 12:40

7921 லினக்ஸ்ல கெர்னல் 5.12ல இருந்தே இருக்கு ப்ரோ, இப்ப வர்ற எதப் போட்டாலும் தானா எடுத்துக்கும்.

டிரைவ மறந்துடுங்க.


கறுப்புகோட்டு | ஞாயிறு, மதியம் 2:16

தம்பி, என் வீட்டுப் பரண்லயும் ஒரு பழைய லாப்டாப் கிடக்கு. அந்த 12.7 எங்க வச்சு அளக்கணும், முன்னாடி இருக்குற பிளாஸ்டிக் முகப்போட சேத்தா, அது இல்லாமயா?


ரிச்சிதெரு | ஞாயிறு, மதியம் 2:31

முகப்ப விட்டுடுங்க சார், அது லாப்டாப் வளைவுக்கு ஏத்த மாதிரி கூடக்குறைய இருக்கும். பின்பக்கம் தகரத்துல அளங்க.